கைராசிக்காரியின் பாலிமர்

எனக்குக் கைராசி என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். லிட்டில் இந்தியாவில் உறவுக்காரர் ஒருவர் துணிக்கடை திறந்தபோது என்னைத்தான் முதல் போணிக்குக் கூப்பிட்டார். என் கை ராசியான கையாம். ஒரு சேலை வாங்கினேன். கடை இன்றுவரை நன்றாகத்தான் ஓடுகிறது. ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தக் கடைதான், ஓடாமல் என்ன செய்யும்? இதைச் சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கடையிலும் சமையலறையிலும் கைராசி இருந்துவிட்டுப் போகட்டும். வேதியியலில் அது இருக்கவே கூடாது. நான் செய்தால் வருகிறது, இன்னொருவர் செய்தால் வரவில்லை என்றால் எங்கோ ஒரு தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒரு தப்பு என்னிடம் இருந்தது. அது என்னவென்று தெரியாமல் பல வாரங்களைப் பயத்திலேயே கழித்தேன். முடிவு நல்லபடியாக ஆனது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களை நகம் கடிக்க வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. போதுமான அளவு நானே கடித்துவிட்டேன்.

நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் பாலிமர் செய்கிறேன். பார்ப்பதற்கு ரப்பர் போலிருக்கும். அதைக் கத்தியால் இரண்டாக வெட்டி, வெட்டிய முகங்களைச் சேர்த்து வைத்துவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒன்றாகியிருக்கும். பசை கிடையாது, சூடு காட்ட வேண்டியதில்லை. மின்கம்பிக்கு மேல் உறையாகப் போட்டால் கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் ஆசை.

இதன் சூட்சுமம் உலோகத்தில் இருக்கிறது. பாலிமர் என்பது நீண்ட நீண்ட சங்கிலிகள். எங்கள் சங்கிலிகளின் நுனியில் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் சின்னக் கொக்கிகளை வைத்திருந்தோம். ஓர் உலோக அணு நடுவில் நின்றுகொண்டு இந்தப் பக்கச் சங்கிலியின் கொக்கியையும் அந்தப் பக்கச் சங்கிலியின் கொக்கியையும் சேர்த்துப் பிடிக்கும். வெட்டும்போது முதலில் விடுவது அந்தப் பிடிதான், சங்கிலி பெரும்பாலும் தப்பித்துவிடும். முகங்களைச் சேர்த்து வைத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், வேதியியலை முழுக்க ஆங்கிலத்தில் படித்தவள். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்கு அருகே இருக்கும் சமூக மன்றத்தில் ஒருமுறை என் வேலையைப் பற்றித் தமிழில் பேசச் சொன்னார்கள். அதற்காகத் தமிழ்நாட்டுப் பாடநூலை இணையத்தில் தேடிப் பிடித்துப் புரட்டியபோதுதான் இந்த உலோகப் பிடிக்குத் தமிழில் அணைவுச் சேர்மம் என்று பெயர் இருப்பது தெரிந்தது. அணைத்துக்கொள்வதிலிருந்து வந்த அணைவு. ஆங்கிலப் பெயரைவிட இது எனக்குப் பிடித்துப்போனது. பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து, அணைச்சா விடுமா விடாதா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கென்னவோ அன்று கேட்ட கேள்விகளிலேயே அதுதான் உருப்படியான கேள்வி. விடத் தெரிந்த உலோகம்தான் மறுபடி பிடிக்கும். துத்தநாகம் அப்படி, விட்டு விட்டுப் பிடிக்கும். இரும்பு எங்கள் கொக்கிகளில் மாட்டினால் பிடித்தது பிடித்ததுதான், லேசில் விடாது.

எங்கள் பாலிமரில் நாங்கள் போட்டது இரும்பு. உறுதிக்காகத்தான் போட்டோம். போட்டதும் கத்தரிப்பூ நிறத்தில் அழகாக மாறியது. ஒட்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஒட்டியது. வெட்டி, சேர்த்து, எடை கட்டித் தொங்கவிட்டேன், அறுந்து விழவில்லை. விடாத இரும்பு எப்படி விட்டுப் பிடிக்கிறது என்பதற்கு ஒரு விளக்கத்தையும் யோசித்து எழுதினோம். கட்டுரை வெளிவந்தது. முதல் பெயர் என்னுடையது. இந்த வயதில் முதல் பெயராக ஒரு நல்ல கட்டுரை என்பது எனக்குப் பெரிய விஷயம். இரண்டு நாள் தரையில் கால் படாமல்தான் நடந்தேன்.

எடை கட்டித் தொங்கவிடப் பாலிமர் நூல் நூலாக இருந்தால்தான் வசதி. நூல் பிழியும் பெரிய இயந்திரம் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அதற்குக் கிலோக் கணக்கில் பாலிமர் வேண்டும், நான் ஒரு தடவைக்குச் செய்வதோ ஒரு கைப்பிடி. கையால் பிழிகிற மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன். குளியலறை ஓரங்களில் பசை அடைக்கும் துப்பாக்கியைத்தான் எடுத்து எடுத்துக் காட்டினார்கள். வெயில் தாங்காமல் குறுக்குத் தெருக்கள் வழியாக நடந்து சிராங்கூன் சாலைக்கு வந்து, நிழலுக்காக ஒரு பாத்திரக் கடையில் ஒதுங்கினேன். வாசலில் முறுக்கு அச்சுகள் வரிசையாகத் தொங்கின. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பாலிமர் மாவின் பதம் முறுக்கு மாவின் பதமேதான், வருடக்கணக்கில் அதைப் பிசைந்துகொண்டிருந்தவளுக்கு இது தோன்றவே இல்லையே.

எவர்சில்வர் அச்சு ஒன்றைக் கையில் எடுத்தேன். கடைக்கார பாய் அதை என்னிடமிருந்து வாங்கித் திரும்ப மாட்டிவிட்டு, பித்தளை அச்சை எடுத்துக் கொடுத்தார். எவர்சில்வர் வழுக்கும், பித்தளைதான் கனமாக நின்று பிடிக்கும் என்றார். எங்கள் வீட்டிலும் எப்போதும் பித்தளை அச்சுதான் என்பதால் அவர் சொன்னது எனக்கு முழு உண்மையாகப் பட்டது. ஓமப்பொடி வில்லையோடு அதை வாங்கிவந்தேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கூடத்தில் வேற்று உலோகம் படக் கூடாது என்று அதிகம் சத்தம் போடுகிறவள் நான். பொடியை அள்ள எவர்சில்வர் கரண்டியை எடுத்தவர்களைத் திட்டியிருக்கிறேன். பிளாஸ்டிக் கரண்டிகளை என் காசில் வாங்கி வைத்திருக்கிறேன். வேலைக்கு உட்காரும் முன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவேன். அப்படிப்பட்டவள், வெள்ளிக்கிழமை மாலை பாலிமர் மாவைப் பித்தளை அச்சுக்குள் அடைத்து, காற்றுக் குமிழிகள் அடங்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன். திங்கள் காலை வந்து பிழிவேன். அதோடு நின்றேனா? பிழிந்து முடித்ததும் அச்சைக் கழுவிவிட்டு, பாத்திரம் மங்கலாக இருந்தால் மனசு ஒப்பாமல், ஓய்வறையில் வைத்திருந்த புளியை நனைத்துப் பளபளவென்று தேய்த்து வைப்பேன். எனக்கு அது பாத்திரம். பாத்திரத்தை நான் உலோகம் என்று நினைத்ததே இல்லை.

கட்டுரையில் செய்முறையை எழுதும்போது முறுக்கு அச்சு என்று எழுத வெட்கமாக இருந்தது. உலகமே படிக்கும் இதழில் பலகாரச் சாமானைப் பற்றி எப்படி எழுதுவது? கையால் இயக்கும் பிழிகருவி என்று ஆங்கிலத்தில் கௌரவமாக எழுதிவிட்டேன். என்ன கருவி, எதனால் செய்தது என்று கட்டுரையை மதிப்பிட்ட நிபுணர்கள் யாரும் கேட்கவில்லை. பிழிகிற வேலை என்னுடையது என்பதால் எங்கள் கூடத்திலும் அந்தச் சாமானை யாரும் கவனித்துப் பார்த்ததில்லை. பிழிந்து முடித்ததும் ஒரு துணிப்பைக்குள் போட்டு என் மேசையின் கீழறையில் வைத்துவிடுவேன்.

கட்டுரை வந்து சில மாதம் கழித்து, குளிர்நாடு ஒன்றிலிருந்து ஓர் ஆய்வாளர் மின்னஞ்சல் எழுதினார். பெண். பணிவாகத்தான் எழுதியிருந்தார். கலவையை எங்கள் செய்முறைப்படி வரி பிசகாமல் நான்கு தடவை செய்து, பிழிகருவி இல்லாததால் தட்டையாக வார்த்துப் பார்த்தாராம், நிறம் வருகிறதாம், ஒட்ட மாட்டேன் என்கிறதாம். எதை விட்டுவிட்டேன் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். அவர் கைக்கோளாறு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

எங்கள் கூடத்தின் தலைவி சீனப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், குரலை உயர்த்தவே மாட்டார். நீ மறுபடி செய்து பார் என்றார். செய்தேன், ஒட்டியது. பிறகு அந்தக் குளிர்நாட்டு அம்மா செய்த மாதிரியே நூல் இல்லாமல் தட்டையாக வார்த்துப் பார்க்கும்படி என் பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னார். அவரும் சீனர், கண்ணாடிக் குடுவைகளை அடிக்கடி கீழே போடுகிறவர், அதனால் எல்லாவற்றையும் மூன்று தடவை சரிபார்க்கிறவர். என் பாட்டில்களிலிருந்தே எடுத்து, என் குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தார். ஒட்டவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில், உனக்குத்தான் அந்தக் கை இருக்கிறது என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் நான் பயந்துகொண்டிருந்த கைராசி என்ற சொல்லை அவர் வேறு மொழியில் சொல்லிவிட்டார்.

அன்று மாலை தலைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் கலவையில் வேறு எதையாவது சேர்த்தேனா என்று கேட்டார். இல்லை என்றேன். குறிப்பேட்டில் எழுத மறந்த ஏதாவது உண்டா என்றார். இல்லை என்றேன். இரண்டாவது பதில் பொய், ஆனால் அப்போது அது பொய்யென்று எனக்கே தெரியாது. அவர், மாத முடிவுக்குள் காரணம் தெரியவில்லையென்றால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதுதான் முறை என்றார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெறுவது என்றால் என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்தக் கட்டுரையின் மேல் பெரிய எழுத்தில் திரும்பப் பெறப்பட்டது என்று அச்சடித்து, அப்படியே எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருப்பார்கள். என் பெயரைத் தேடினால் முதலில் அதுதான் வரும். வேலை போகலாம், அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நான் ஏமாற்றுக்காரியோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒட்ட வேண்டும் என்ற ஆசையில் ஒட்டாததை ஒட்டியதாகப் பார்த்தேனா? எடையைக் குறைத்துக் கட்டினேனா? கண்ணால் பார்த்ததை நானே நம்பாமல் இருந்த நாட்கள் அவை. யாரிடமும் சிரித்துப் பேச முடியவில்லை. வீட்டில் ரசத்துக்கு உப்பு போட்டேனா என்பதைக்கூடக் கணவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கணவர் பேருந்து ஓட்டுகிறார். என் வேலை புரியாது என்று அவரே சொல்லிக்கொள்வார், ஆனால் பொறுமையாகக் கேட்பார். "நீ பாத்தது நெசந்தானே? அப்புறம் எதுக்கு இப்புடி உக்காந்துருக்கே?" என்றார். பார்த்தது நிஜம், ஏன் நடந்தது என்று தெரியவில்லை, தெரியாமலேயே தெரிந்ததாக எழுதிவிட்டேன் என்றேன். அவர், அப்படியென்றால் ஏனென்று போய்த் தேடு, இங்கே உட்கார்ந்து என்னைத் திட்டினால் கிடைக்காது என்றார். அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேல்தளத்தில் தனிமங்களை அளக்கும் கருவியைப் பார்த்துக்கொள்பவள் என் சிநேகிதி. தமிழ் முஸ்லிம். அவளுடைய தாத்தா காலத்திலேயே நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நானும் அவளும் பல்கலைக்கழகத்துக்கு முன்பு ஒரே தொடக்கக்கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒரு துண்டைக் கரைத்துக் கொடுத்தால் அதில் எந்த உலோகம் எவ்வளவு என்று அவளுடைய கருவி சொல்லிவிடும். ஆனால் எதைத் தேட வேண்டுமோ அதைப் படிவத்தில் நாம் குறித்துக் கொடுக்க வேண்டும். குறித்ததை மட்டும்தான் அது தேடும். இரண்டு வருடமாக நான் இரும்பை மட்டும் குறித்துக் கொடுத்துவந்தேன். போட்டது எவ்வளவோ அதே அளவு வரும், திருப்தியாகப் போய்விடுவேன்.

கணவரோடு பேசிய மறுநாளும் இரும்பைக் குறித்துப் படிவத்தை நீட்டினேன். அவள் அதை வாங்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"எப்பப் பாத்தாலும் அயர்ன் மட்டுந்தானா? நீ போட்டது எவ்வளவுன்னு உனக்கே தெரியும். தெரியாதத கேளு லா."

இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அந்த லாவோடு முடித்துவிட்டு, படிவத்தைப் பிடுங்கி, இருக்கிற எல்லாக் கட்டங்களிலும் அவளே குறியிட்டாள். நான் பிழிந்த நூலில் ஒரு துண்டு, பக்கத்து மேசைக்காரர் வார்த்த தட்டில் ஒரு துண்டு, இரண்டையும் வைத்துக்கொண்டு மறுநாள் மதியம் வரச் சொன்னாள்.

மறுநாள் மதியம் போனேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே திரையை என் பக்கம் திருப்பினாள். இரண்டிலும் இரும்பு ஒரே மாதிரி இருந்தது. பக்கத்து மேசைக்காரரின் துண்டில் வேறு எதுவும் இல்லை. என்னுடையதில் இரும்புக்கு அடுத்த வரியில் துத்தநாகம் இருந்தது, இருக்கக் கூடாத அளவுக்கு இருந்தது. அதற்கும் அடுத்த வரியில் கொஞ்சம் செம்பு.

"ஸிங்க்கும் காப்பரும் சேந்தா பித்தளை லா," என்றாள். "வீட்டுக் குத்துவெளக்க கரைச்சு ஊத்திட்டியா?"

நான் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை, திங்கட்கிழமை, அச்சு, புளி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து தம் இடத்தில் உட்கார்ந்தன. நாங்கள் இரும்பைக் கொஞ்சம் குறைவாகத்தான் போட்டிருந்தோம். பிடிக்க ஆளில்லாமல் சில கொக்கிகள் சும்மா இருந்தன. புளி தேய்த்துத் தேய்த்து மேல்பூச்சு போன பித்தளைக்குள் இரண்டு நாள் முழுக்க அடைத்து வைத்தால் அவை சும்மா இருக்குமா? கிடைத்த துத்தநாகத்தைச் சுரண்டி எடுத்துக்கொண்டன. துத்தநாகத்துக்கு நிறம் கிடையாது, செம்பு கொஞ்சம்தான், இரும்பின் கத்தரிப்பூ நிறத்துக்குள் இரண்டும் காணாமல் போய்விட்டன. உறுதி கொடுத்தது இரும்பு, விட்டு விட்டுப் பிடித்தது துத்தநாகம். ஒட்டியது நிஜம். நான் பார்த்தது நிஜம்.

அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. சிநேகிதி பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். எங்களை எல்லாம் கரண்டிக்காகத் திட்டினாயே என்று ஆரம்பித்தவள்தான், சாப்பாடு ஆறிப்போகும்வரை சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க என் தோளிலிருந்து ஏதோ இறங்கிக்கொண்டே போனது.

பாதி நிம்மதிதான் அது. மீதிப் பாதிக்குத் தலைவியிடம் போக வேண்டும். படிக்கட்டில் இறங்கும்போது ஒரு கெட்ட யோசனை வந்தது. வாங்கிய இரும்பு உப்பிலேயே துத்தநாகம் கலந்திருந்தது என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? முறுக்கு அச்சை வெளியே காட்ட வேண்டியதில்லை. இரண்டு மாடி இறங்கும்வரை அந்த யோசனை என்னோடு வந்தது. குளிர்நாட்டு அம்மா சுத்தமான உப்பை வாங்கி, அதில் துத்தநாகத்தைத் தேடித் தேடி இன்னும் நான்கு தடவை தோற்றுப்போவார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் வெட்கத்துக்கு அவர் இரண்டாவது முறையாக விலை கொடுக்க வேண்டுமா? என் மேசையின் கீழறையிலிருந்து துணிப்பையை எடுத்துக்கொண்டு நேரே தலைவியின் அறைக்குப் போனேன்.

அச்சை மேசைமேல் வைத்து, கட்டுரையில் எழுதிய பிழிகருவி இதுதான் என்றேன். அவர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். வில்லையைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். இதில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். முறுக்கு என்றேன்.

"தீபாவளிக்கு வருடா வருடம் எனக்குக் கொண்டுவந்து தருகிறாயே, அதுவா?"

"அதுவேதான். ஆனால் அது வேறு அச்சு," என்று அவசரமாகச் சொன்னேன்.

பல வாரங்களுக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பிறகு சிநேகிதி கொடுத்த தாளை வாங்கி வரி வரியாகப் படித்தார். ஏன் எழுதவில்லை என்றார். வெட்கமாக இருந்தது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நீ எதையோ சேர்த்துவிட்டு மறைக்கிறாய் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதற்காக மன்னித்துக்கொள் என்றார். நான் கேட்க நினைத்த மன்னிப்பை அவர் முந்திக்கொண்டு கேட்டுவிட்டார். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியதில்லை, திருத்தம் வெளியிட வேண்டும், ஆனால் அச்சு இல்லாமல், துத்தநாகத்தை அளந்து போட்டு, என்னைத் தவிர வேறு யாராவது செய்து காட்டிய பிறகுதான் என்றார். என்னைத் தவிர என்பதை இரண்டு தடவை சொன்னார்.

சனிக்கிழமை ரயிலேறி லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். ஒப்பிட்டுப் பார்க்க எவர்சில்வர் அச்சு ஒன்று வேண்டியிருந்தது. கடைக்கார பாய்க்கு என்னை நினைவிருந்தது. அன்று கொடுத்த பித்தளையில் என்ன குறை என்று முகம் சுருங்கக் கேட்டார். ஒரு குறையும் இல்லை பாய், அது அளவுக்கு மேல் நன்றாக வேலை செய்துவிட்டது, அதுதான் பிரச்சினை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எவர்சில்வர் வழுக்கும், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது என்று மறுபடி எச்சரித்துத்தான் கட்டிக் கொடுத்தார். வழுக்கத்தான் செய்தது. அதில் பிழிந்த நூல் ஒட்டவும் இல்லை. ஒட்டாமல் போன ஒரு சோதனைக்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு பக்கத்து மேசைக்காரர் இரும்போடு துத்தநாக உப்பை அளந்து போட்டுச் செய்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. பிசைந்தது அவர், வார்த்தது அவர், வெட்டியது அவர். வெட்டிய முகங்களைச் சேர்த்து வைத்துவிட்டு, வழக்கம்போல மூன்று தடவை சரிபார்த்தார். காப்பி குடிக்கப் போகலாமா என்று என்னைக் கேட்டார். நான் வரவில்லை என்றேன், அவர் மட்டும் போய்வந்தார். வந்து துண்டை எடுத்து, எடையைக் கட்டி, மெல்லத் தொங்கவிட்டார். எடை ஆடியது, ஆடி நின்றது, அங்கேயே தொங்கியது. அவர் திரும்பி, தம் இரண்டு கைகளையும் விரித்து எனக்குக் காட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

குளிர்நாட்டு அம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பித்தளை, புளி, இரண்டு நாள் ஊறவைத்தது எதையும் மறைக்கவில்லை. துத்தநாகத்தை எவ்வளவு அளந்து போட வேண்டும், அச்சு எதற்குப் பயன்படும் சாமான் என்பதையும் எழுதி, ஒரு படமும் எடுத்து அனுப்பினேன். உங்கள் நான்கு தோல்விக்கும் நான்தான் காரணம், மன்னித்துவிடுங்கள் என்று முடித்தேன். அவர் கோபப்பட்டு எழுதினால் ஏற்றுக்கொள்வது என்று மனசைத் தயார்செய்து வைத்திருந்தேன். பதில் வரவில்லை. ஒரு வாரம் போனது. இரண்டாவது வாரமும் பாதி போனது. திருத்தத்தை எழுதி முடித்து, அவர் கையிலும் ஒட்டியது என்று தெரியும்வரை அனுப்பாமல் வைத்திருந்தேன்.

வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தப் பதில் வந்தது. ரயிலில் நல்ல கூட்டம், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திறந்தேன். கோபம் எதுவும் இல்லை. எழுத்தும் அதிகம் இல்லை, இரண்டே வரி. செய்தோம், ஒட்டியது, சிறப்பாக எதையும் செய்யவில்லை என்று எழுதியிருந்தார். கீழே ஒரு படம். சன்னலுக்கு வெளியே பனி தெரியும் ஓர் அறையில் யாரோ ஒருவருடைய விரல்கள் கத்தரிப்பூ நிறத் துண்டு ஒன்றின் இரண்டு முனைகளையும் பிடித்து நன்றாக இழுத்துக்கொண்டிருந்தன. நடுவில் வெட்டிய தடம் லேசாகத் தெரிந்தது. நான் போயிராத நாட்டில், நான் பார்த்திராத ஒருவரின் கையில், அது விடாமல் இருந்தது.